நிலவு அணையும் நொடி

வியாழனின் நிலவுகளைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பைனாகுலரை மொட்டை மாடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தாலே வரிசையாகப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டவை அவைதான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதைக் காட்டி அனுப்பிவிடுவேன். எனக்கு ருசி வேறு: அவற்றில் ஒன்று வியாழனின் நிழலுக்குள் போய் அணையும் நேரத்தைக் குறிப்பது.

வியாழன் நள்ளிரவுக்கு மேல் உதிக்கும் மாதங்களில், நம் பார்வைக்கு அதன் நிழல் மேற்கே விழும். அயோ என்னும் நிலவு, கோளின் விளிம்பை எட்டும் முன்பே, குறுக்கே எதுவும் இல்லாத இடத்தில் மங்கத் தொடங்கும். மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். முதலில் அது மங்குகிறதா, கண் ஏமாற்றுகிறதா என்றே தெரியாது. அதனால் அயோவையே முறைத்துக்கொண்டிருக்க மாட்டேன். யூரோப்பா என்னும் இன்னொரு நிலவையும் அதையும் மாறி மாறிப் பார்ப்பேன். வழக்கமாக அயோதான் சற்றுப் பிரகாசம். அது யூரோப்பாவுக்குக் கீழே இறங்கியதும் தொலைநோக்கியை லேசாக நகர்த்தி வியாழனை வெளியே தள்ளிவிடுவேன். இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்தில் கடைசிப் பொட்டு தொலைந்துபோகும். பிறகு கண்ணிமைக்கக் கூடாது. இருக்கிறது, இருக்கிறது, இல்லை. ஸ்டாப்வாட்ச்சை அமுக்க வேண்டியது அந்த ‘இல்லை’யில்.

பெரிய தொலைநோக்கியில் அந்தப் பொட்டு இன்னும் சில நொடிகள் தாக்குப்பிடிக்கும். ஆகவே கருவியை மாற்றினால் பழைய குறிப்புகளோடு ஒப்பிட முடியாது. என் ஆறு அங்குலத் தொலைநோக்கியை விடாமல் வைத்திருப்பதற்கு இது நல்ல சாக்கு. வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்து தாண்டிய பிறகு கதை தலைகீழ். அயோ நிழலிலிருந்து வெளிவருவது மட்டுமே தெரியும். கணித்துவைத்த இருட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் இதுதான் கடினம்.

இதே நேரக்கணக்கை வைத்துத்தான் 1676-ல் பாரிஸில் ஓலே ரோமர், ஒளி வந்துசேர நேரம் எடுக்கிறது என்று காட்டினார். பூமி வியாழனைவிட்டு விலக விலக, அயோவின் கிரகணங்கள் பிந்தின. பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்றார், உண்மையில் ஏறத்தாழ பதினாறரைதான். எண் பிசகினாலும் காரணம் பிசகவில்லை.

நம் ஜவ்வாது மலையிலும் இப்படி ஓர் இரவு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வரவிருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிந்தார்கள். கோளுக்கு வெளியிலேயே ஒளி சில நொடிகள் சரிந்தது. புதிய நிலவு என்றுதான் முதலில் எழுதினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்திலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினர் எடுத்த பதிவில் கோளின் இருபுறமும் சரிவுகள் ஜோடி ஜோடியாக இருந்தன. அப்படித்தான் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தன. சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே சுற்றும், வெறும் 250 கிலோமீட்டர் அகலமுள்ள சரிக்லோவுக்கும் வளையம் உண்டு என்று 2013-ல் இதே முறைதான் காட்டிக்கொடுத்தது. படம் பிடித்துக் கண்டவை அல்ல இவை. ஒளி எப்போது குறைந்தது என்று எழுதிவைத்ததால் கிடைத்தவை.

2026-27-ல் வியாழனின் நிலவுகள் ஒன்றையொன்று மறைக்கும் பருவம். ஆறு வருடத்துக்கு ஒருமுறை வருவது. ஆனால் அதில் நிலவு பெரும்பாலும் முழுதாக அணையாது, கொஞ்சம் குறைந்து மீளும். அந்தக் குறைவை அளப்பதில் என் கண்ணை நம்ப மாட்டேன். வீடியோ கேமராவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஸ்டாப்வாட்ச் அயோவின் கிரகணங்களுக்கு மட்டும்.