வேண்டுமென்றே

ஆடிச் சாரல் தொடங்கியதும் எங்கள் வகுப்பினர் தென்காசியிலிருந்து குற்றாலத்திற்கு இன்பச் சுற்றுலா சென்றோம். ஐந்தருவியில் பாறை வழுக்கி, ஒருத்தி மற்றொருத்தி மீது சாய்ந்துவிட்டாள். மற்றவளின் மூக்குக் கண்ணாடி தண்ணீரோடு போயிற்று. “வேண்டுமென்றே தள்ளிவிட்டாள்” என்று ஒரு குரல் எழுந்தது. நாங்கள் எல்லோரும் அதையே சொன்னோம். சாப்பிடும்போது கூடிப் பேசி, ஒரு வாரம் அவளோடு பேசுவதில்லை என்று முடிவும் செய்தோம்.

நான்காம் நாள் ஆங்கில வகுப்பில் ‘டெலிபரட்’ என்ற பெயரடை வந்தது. அதே எழுத்துகள் வினைச்சொல்லானால் ‘டெலிபரேட்’ என்று ஒலிக்கும் என்றார் ஆசிரியை. வாக்கியம் அமைக்கச் சொன்னார். எங்களில் பலர் அருவியில் நடந்ததையே எழுதியிருந்தோம்.

நோட்டுகளைப் படித்த ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் தராசைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. நிறுத்துப் பார்த்துச் செய்வதே இதன் பொருள். தமிழில் ‘வேண்டுமென்றே’ என்பதைக் குற்றத்திற்குத்தான் சொல்கிறோம். வேண்டுமென்றே உதவினாள் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலச் சொல்லோ நிதானத்தையும் குறிக்கும்” என்றார்.

அதற்குக் குற்றாலத்திலிருந்தே ஒரு சான்றும் காட்டினார். 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில் அங்கேதான் வாழ்ந்தார். கம்பர் பாடல்களைச் சுவைத்துச் சுவைத்துப் படித்து, கம்பருடையவை அல்ல என்று தமக்குத் தோன்றியவற்றை ‘கம்பர் தரும் ராமாயணம்’ நூலில் விட்டுவிட்டார். புலவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆயினும் அவர் நிறுத்துப் பாராமல் செய்தார் என்று கூற முடியாது.

“நம் ஊர்க் கோபுர வாசலில் காற்றுக்கூட ஆளைத் தள்ளுகிறது. அது வேண்டுமென்றா தள்ளுகிறது? வழுக்கி விழுந்தவளுக்கு எண்ணிப் பார்க்க நேரம் ஏது? கூடிப் பேசி, நாள் குறித்து, ஒருத்தியை ஒதுக்கி வைத்தீர்களே, இந்தச் சொல் யாருக்குப் பொருந்தும்?” என்று கேட்டார்.

எங்களால் தலைநிமிர முடியவில்லை. உண்மையில் நடந்தது என்ன என்று அவளிடம் நாங்கள் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அன்று மதியம் அவளைச் சூழ்ந்து அமர்ந்து மன்னிப்புக் கேட்டோம். “கால் வழுக்கிவிட்டது என்று அன்றே சொல்ல வந்தேன். நீங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்” என்றாள் அவள். கண்ணாடியை இழந்தவளே முதலில் அழுதாள்.

அன்புத் தோழிகளே! பிறர் செயலுக்கு ‘வேண்டுமென்றே’ என்று பெயர் சூட்டுமுன் ஒரு கணம் தராசைக் கையில் எடுப்போம். முதலில் நம் செயலை அதில் வைப்போம்.