ஒரு நூலும் தீக்குச்சியும்

பெங்களூரில் பீண்யா, பொம்மனஹள்ளி பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துணி சாக்கில் கட்டப்பட்டு எடைக்குப் போகிறது. அதை வாங்கி வீட்டிலேயே குளியலறை மிதியடி தைக்கும் பெண்களிடம் நான் கவனித்தவரை, தையலைவிட அதற்கு முந்தைய வேலையில்தான் திறமை அதிகம் தேவைப்படுகிறது. சாக்கில் பருத்தி, பாலியஸ்டர், இரண்டும் கலந்தது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும், பார்த்தால் பிடிபடாது. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுகிறார்கள். காகிதம் எரிந்த வாடையோடு பொடிச் சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கடுகு மாதிரி கெட்டியாகத் திரண்டால் பாலியஸ்டர். சாம்பலோடு கட்டியும் விரலில் நெருடினால் கலப்பு. தேறிய பருத்தியை இழைவாக்கில் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, சுருட்டிச் சுருட்டித் தைக்கிறார்கள். பனியன் துணி நேராகக் கிழியாது. கத்தரித்து இழுத்துவிட்டால் ஓரம் தானே உள்ளே சுருண்டுகொள்ளும், மடித்துத் தைக்கவும் வேண்டாம். 'இயற்கைத் துணி' என்று சீட்டு ஒட்டி விற்கும் பொருளுக்கு உத்தரவாதம் அந்தத் தீக்குச்சிதான். ஆனால் கூலியோ தைத்த உருப்படிக்கு மட்டும். தரம் பிரிக்கும் நேரம் கணக்கிலேயே வருவதில்லை.

பருத்தி ஈரத்தில் நாறும், பூஞ்சை பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைப் பருத்தி இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. ஆனால் நாற்றத்துக்குக் காரணம் பருத்தி என்பதைவிட அதன் தடிமன். ஈரிழைத் துண்டு காய்கிற வேகத்தில் தேங்காய்ப்பூத் துண்டு காய்வதில்லை. எனவே கனமான மிதியடி ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயப்போடுவதே சரி. துவைக்கும் தண்ணீரும் குறையும். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை ஏற்றிக் குடிக்கிற ஊர் இது. 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர். அதற்காகக் கடையில் புதிதாக ஆர்கானிக் பருத்தி வாங்கித் தைப்பதை நான் பெரிதாகக் கொண்டாடமாட்டேன். அந்தப் பருத்தியும் தண்ணீர் குடித்துத்தான் வளர்ந்தது. வெட்டுத்துணிக்கான தண்ணீர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. 'தைக்கிற நூல் பாலியஸ்டர்தானே?' என்று மடக்குபவர்களும் உண்டு. ஆமாம். தொடர்ந்து நனைந்தால் பருத்தி நூல் சீக்கிரம் இற்றுவிடும்; தையல் விட்டுப்போன மிதியடி குப்பைக்குத்தான் போகும். இந்த விஷயத்தில் நான் தைப்பவர்கள் பக்கம்.

இவர்களில் பலர் முன்பு கார்மெண்ட்ஸில் இருந்தவர்கள். 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்குப் போட்ட புதிய கட்டுப்பாட்டை எதிர்த்து பெங்களூர் ஆடைத் தொழிலாளர்கள் சாலைக்கு வந்தார்கள். மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. வீட்டில் தைப்பவருக்கு அப்படிக் காத்துக்கொள்ள வைப்பு நிதியே கிடையாது. வீட்டுவழித் தொழிலாளர்களுக்காகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. தரம் பிரிப்பதற்கும் கூலி கொடுத்தால் விலை ஏறும், மலிவான மைக்ரோஃபைபர் மிதியடி ஜெயித்துவிடும் என்கிறார்கள் வியாபாரிகள். விலையில் அது ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது. துவைக்கிற ஒவ்வொரு முறையும் அது சாக்கடையில் விடுகிற பிளாஸ்டிக் இழை வேண்டாம் என்று கூடுதல் காசு கொடுப்பவர்தான் இந்த மிதியடியை வாங்குகிறார். அந்தக் கூடுதல் காசு பிரித்தெடுத்த வேலைக்கு உரியது. சாக்கின் அடியில் மிஞ்சுகிற பாலியஸ்டருக்கும் சாக்கை விற்பவர்கள் எடை போட்டுத்தான் காசு வாங்குகிறார்கள். அந்த நஷ்டமும் இப்போது தைப்பவர் தலையில்தான்.