வாசல் மறந்த மின்னு

துறை மலருக்குக் கட்டுரை கேட்டவர்களிடம், பூனையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். நண்பர்கள் நகைத்தனர். நகைக்கட்டும். இது பூனையின் கதை மட்டுமன்று. என் அவசரத்தின் கதையுமாகும்.

2008-இல் மழைக்கு ஒதுங்கி எங்கள் மேலப்பாளையத்து வீட்டுத் திண்ணைக்கு வந்த குட்டி அது. மின்னு என்று பெயரிட்டவர் உம்மா. மீன்காரரின் குரலைத் தெருமுனையிலேயே அறிந்து வாசலுக்கு ஓடும் கூர்மை அதற்கு இருந்தது.

2023-இல் மாற்றம் தொடங்கிற்று. நள்ளிரவில் கூடத்தின் நடுவே நின்று, யாரையோ தொலைத்துவிட்டாற்போல நெடுங்குரலெடுத்துக் கத்தும். உண்டு முடித்த கால்மணி நேரத்தில் மீண்டும் உணவு கேட்கும். கதவருகே சென்றால், திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் இருக்கும் பக்கத்தை நோக்கிக் காத்து நிற்கும். கிழட்டுப் பிடிவாதம் என்றே நான் கருதினேன். ஒருநாள் என் தொழுகை விரிப்பை நனைத்துவிட்டது. சினம் தலைக்கேற, அன்றிரவு அதனைக் கொல்லைப்புறத்தில் விட்டுத் தாழிட்டேன்.

"அது வேணும்னா செய்யுது? வயசாயிப் போச்சு, வாப்பா" என்றார் உம்மா. மகனை அவர் அவ்வாறு அழைப்பது கெஞ்சும்போது மட்டுமே. நான் இணங்கவில்லை.

சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்து கதவைத் திறந்தேன். மின்னு உள்ளே ஓடி வரவில்லை. கதவு திறந்து கிடக்க, கீல் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தது. உரோமம் பனியில் நனைந்திருந்தது. கையிலெடுத்தேன், கனமே இல்லை.

அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றேன். முதிய பூனை இரவில் கத்துவதற்குத் தைராய்டு மிகுதி, இரத்த அழுத்தம், செவிட்டுத்தன்மை, மூட்டுவலி எனப் பல காரணங்கள் உண்டாதலின், அவற்றையெல்லாம் சோதித்து விலக்கிய பிறகே, மனிதர்க்கு வரும் மறதி நோயை ஒத்தது இது என்றார். 11 முதல் 14 வயதுள்ள பூனைகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டிலும், 15 வயதைக் கடந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றிலும் இத்தகைய மாறுதல் ஒன்றேனும் தோன்றுவதாகப் பின்னர்ப் படித்தறிந்தேன். அல்சைமர் நோயில் மனித மூளையில் படியும் அமிலாய்டு புரதம் பூனையின் மூளையிலும் படிகிறது. 2025-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்துபோன 25 பூனைகளின் மூளைகளை ஆராய்ந்து, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளிலேயே அப்புரதம் தேங்குவதைக் கண்டனர். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்னும் அறிவு அப்படித்தான் கழன்று போயிற்று போலும்.

நோயை நீக்கும் மருந்து இல்லை. மருத்துவர் சொன்னவை எளியவை. இரவில் சிறு விளக்கு எரியட்டும். மணல் தட்டு விளிம்பு தாழ்ந்ததாய் அருகிலேயே இருக்கட்டும். உணவுத் தட்டையும் படுக்கையையும் இடம் மாற்ற வேண்டாம். கத்தினால் அதட்டாமல் பெயர் சொல்லி அழையுங்கள் என்றார். இவற்றுள் பெரும்பாலானவற்றை உம்மா முன்பே செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் என் கண்ணிற் பட்டது.

அதன்பின் பதினொரு மாதங்கள் மின்னு உயிரோடிருந்தது. இரவில் கதவருகே வந்து கீல் பக்கம் நிற்கும். நான் எழுந்து சென்று மெல்லத் திருப்பி விடுவேன். சில இரவுகளில் மூன்று முறை. ஒருமுறைகூட என்னைக் கண்டு அது ஒதுங்கியதில்லை. தாழிட்ட அந்த இரவையும் அது மறந்திருக்கக் கூடும்.