காற்றின் இரு வாயில்கள்

மண்ணுக்குள் ஆழச் செல்லச் செல்ல வெப்பம் மிகும். இதனை நூலில் படித்து அறிந்தவர் பலர். உடலால் உணர்ந்து அறிந்தவர்கள் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால்பதித்த பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் உழைத்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசையும் கடந்தது. மேலிருந்து இறங்கும் காற்றும் தன் எடையாலேயே அமுங்கி, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் சூடேறும்.

அத்தகைய இடத்தில் மனிதர் எவ்வாறு வேலை செய்தனர்? காற்றுக்கு வழி வகுத்ததனால்தான். ஒரு வாயில் வழியே புதுக்காற்று இறங்கும். அது சுரங்கப் பாதைகளில் உலவி, வெப்பத்தையும் புழுதியையும் வாரிக்கொண்டு வேறொரு வாயில் வழியே வெளியேறும். 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து வந்த மின்சாரம் இங்குள்ள இயந்திரங்களை இயக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் குளிரூட்டிய காற்றையும் ஆழத்துக்கு அனுப்பினர். நுழைவாயில் இருந்து வெளிவாயில் இல்லையென்றால் காற்று நகராது. தேங்கிய காற்றில் வேலையும் நடவாது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதே பல குடும்பங்களின் வாழ்க்கையாயிற்று. அப்படிச் செல்லும் தந்தை ஒருவர், பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் மகளுக்காகப் பெங்களூரின் எஸ்.பி. சாலைக் கடைகளில் மாதம் ஒரு பொருளாக வாங்கிச் சேர்த்தார். தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி, பெட்டி என எல்லாம் வந்து சேர்ந்ததும், மகள் தன் கையாலேயே அவற்றைப் பொருத்தினாள்.

கணினி இயங்கியது. ஆனால், கடுமையான வேலை எதனைக் கொடுத்தாலும் சில நிமிடங்களில் தானே அணைந்தது. செயலி பழுதாகியிருக்கலாம், புதிதாக வாங்குவதே நல்லது என்றார் அறிந்தவர் ஒருவர். தந்தை மறுமொழி கூறவில்லை. மீண்டும் எத்தனை மாதம் சேமிக்க வேண்டும் என்று அவர் கணக்கிடுவதை மகள் உணர்ந்தாள்.

வாங்குவதற்கு முன் ஆராய்ந்து பார்க்கத் துணிந்தாள் அவள். கணினியை இயக்கியவுடன் டெலிட் விசையை அழுத்தித் தாய்ப்பலகையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். செயலியின் வெப்பநிலை, மின்விசிறிகள் நிமிடத்துக்குச் சுழலும் முறை ஆகியவை அங்கே தெரியும். செயலியின் மின்விசிறி விரைந்து சுழல்வதாகவே அப்பக்கம் காட்டியது. வெப்பமோ ஏறிக்கொண்டே இருந்தது. மேசைக்கணினிச் செயலிகள் பலவும் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெப்பம் அதற்கும் மேலே சென்றால், தம்மைக் காத்துக்கொள்ள முற்றிலும் நின்றுவிடும். ஆகவே, கணினி அணைந்தது நோயன்று, நோயின் அறிகுறி.

பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி வைத்தபோது கணினி முன்னிலும் நெடுநேரம் இயங்கியது. இதனைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாத்தா எழுந்து வந்தார். சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் பணியாற்றியவர் அவர். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"கதவைத் திறந்தால் சரியாகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது, கண்ணு. காற்று எந்தப் பக்கம் உள்ளே போகிறது, எந்தப் பக்கம் வெளியே வருகிறது?" என்று கேட்டார்.

பேத்திக்கு விடை தெரியவில்லை. தாத்தா ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் பெட்டியின் முன்புறம் பிடித்தார். புகை உள்ளே இழுக்கப்பட்டது. பின்புறம் பிடித்தார், அங்கும் உள்ளேயே சென்றது. "இரண்டு வாயிலும் நுழைவாயிலாக இருக்கிறதே! சூடு எந்த வழியாகப் போகும்?" என்றார். பிறகு செயலியின் மேலிருந்த மின்விசிறியைச் சுட்டி, "இது மெதுவாகச் சுற்றுகிறது. கருவி சொல்வதைக் கேள், கண்ணாலும் பார்த்துக்கொள்" என்றார்.

அப்போதுதான் பேத்திக்கு உண்மை விளங்கியது. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுக் கம்பிகளைப் பின்பற்றிச் சென்றாள். செயலி மின்விசிறிக்குரிய இணைப்பில் பின்புற மின்விசிறியின் கம்பி செருகப்பட்டிருந்தது. பெட்டி மின்விசிறிக்குரிய இணைப்பில் செயலியின் மின்விசிறி இருந்தது. அமைப்புப் பக்கம் காட்டிய வேகம் பின்புற மின்விசிறியின் வேகமே! செயலி சூடானபோதெல்லாம் அது விரைந்தது. செயலியின் மின்விசிறியோ பலகையின் பொது வெப்பத்தைப் பார்த்து மெல்லச் சுழன்றது.

கம்பிகளை இடம் மாற்றினாள். பின்புற மின்விசிறியைத் திருப்பிப் பொருத்தினாள். சட்டத்தின் குறுக்குக் கால்கள் உள்ள பக்கமே பெரும்பாலும் காற்று வெளியேறும் பக்கம் என்பதையும் கண்டுகொண்டாள். அமைப்புப் பக்கத்தில், வெப்பம் கூடக்கூடச் செயலியின் மின்விசிறி விரையுமாறு வரம்புகளை வகுத்துச் சேமித்தாள். கதவை மூடி நெடுநேரம் இயக்கியும் கணினி அணையவில்லை. புதிய செயலி தேவைப்படவில்லை. ஒரு ரூபாயும் செலவாகவில்லை.

சுரங்கம் மூடியதோடு தம் தொழிலறிவும் பயனற்றுப் போயிற்று என்றே தாத்தா எண்ணியிருந்தார். அன்று மாலை வீடு திரும்பிய மகனிடம், "ஷாப்ட் சிறியது, காற்று ஒன்றுதான்" என்று மட்டும் சொன்னார்.

தங்கவயலின் பெரிய மின்விசிறிகள் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அவற்றோடு வாழ்ந்தவர்கள் இன்றும் நம் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். பூமிக்கடியில் காற்று எவ்வழி நுழைந்தது, எவ்வழி வெளியேறியது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அதனைத் தமிழில் விளக்குவார்கள். உங்கள் கணினிக்கும் அது பயன்படும்.