குச்சிக்கு அஞ்சினோம்!

மேடை கிடைத்தால் முழங்குவோம். பேய் என்றால் சிரிப்போம்; நாள் கோள் என்றால் நகைப்போம்; அம்மை நோயை அம்மனின் சீற்றம் என்போர் அகப்பட்டால் அரைமணி நேரம் விடமாட்டோம். அத்தகைய நாம்தான் 2020ஆம் ஆண்டில், ஒரு சாண் பஞ்சுக் குச்சிக்கு அஞ்சிக் கொல்லைப்புறம் வழியே வெளியேறி, கன்னடியன் கால்வாய்க் கரையோரம் ஓடினோம்! சளி எடுப்போர் சேரன்மாதேவிப் பக்கமுள்ள நம் சிற்றூர்ப் பள்ளிக்கு வந்திருந்த நாள் அது. நமக்கோ இரண்டு நாளாய் இருமல்.

கருவி இல்லையென்று ஓடினோமா? இல்லை. அவ்வாண்டுத் தொடக்கத்தில் இந்தியா முழுமைக்கும் புனே ஆய்வகம் ஒன்றே கதி. பின்னர் கிண்டியில், அம்மைத் தடுப்புப்பால் ஆக்குவதற்கென 1899இல் எழுந்த கிங் நிலையம் களமிறங்கியது. அடுத்துத் தேனி. மார்ச்சு மாதத்திலேயே பாளையங்கோட்டை ஐகிரவுண்டில், நெல்லை மருத்துவக் கல்லூரியிலும் ஆய்வகம் திறந்தது. குமரியிலிருந்துகூடச் சளி மாதிரிகள் அங்கே வந்தன. ஏப்ரலில் விரைவுக் கருவிகள் என்று வந்திறங்கியவை பிழைபட்டவை எனத் திருப்பி அனுப்பப்பட்டபின், தமிழகம் பி.சி.ஆர். முறையையே உறுதியாய்ப் பற்றிக்கொண்டது. ஆண்டு முடிவதற்குள் 200க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சோதனைகள்!

அதன் நுட்பத்தை வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வதுண்டு. கிருமியின் ஆர்.என்.ஏ. இழையை டி.என்.ஏ.வாக மாற்றுகிறார்கள், சூடாக்கி, ஆற்றி, மீண்டும் சூடாக்குகிறார்கள். சுற்றுக்குச் சுற்று ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பதாம் சுற்றில் நூறு கோடியைத் தாண்டும்! பெருகப் பெருகக் குழாயில் ஒளி கூடும். ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்கள், ஊரே ஏற்றிற்று. நோயைக் காட்டியதோ ஐகிரவுண்டுக் குழாயின் ஒளி. அதுவும் சிலபோது தவறும். தவறும் என்று தானே ஒப்புக்கொள்ளும். எந்தச் சாமியாடி ஒப்புக்கொண்டான்?

இன்னொன்று. ஐவரின் சளியை ஒரே குழாயில் கலந்து சோதிக்கும் முறை உண்டு. நோய் இல்லையெனில் ஐவருக்கும் ஒரே சோதனையில் விடுதலை. இருந்தால்தான் தனித்தனியே ஆய்வு. 1943இல் டார்ஃப்மன் என்பார் படைவீரர்களின் குருதியைச் சோதிக்கச் சொன்ன வழி. 1924–25இல் இதே சேரன்மாதேவியின் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப்பந்தி என்றதற்கன்றோ பெரியார் போர்க்கொடி உயர்த்தினார்? பந்தியில் பிரித்தார்கள், குழாய் பிரிக்கவில்லை.

பிரித்தது தெருதான். மார்ச்சு இறுதியில், டில்லி மாநாட்டிலிருந்து மேலப்பாளையம் திரும்பியோர் பலருக்கு நோய் உறுதியாயிற்று. உடனே நோய்க்கு மதம் பூசினார்கள், மனச்சான்று இல்லாதோர். அதைக் கண்டித்து நாம் எழுதினோம், பேசினோம். ஆனால் அந்தப் பார்வை நம் வீட்டு வாசலில் விழும் என்றதும்? கதவில் தாள் ஒட்டுவார்கள், பால்காரர் வரமாட்டார், தங்கையின் திருமணப் பேச்சு தடைப்படும்... கணக்குப் போட்டோம். கால்கள் ஓடின.

மூன்றாம் நாள் ஆச்சிக்குக் காய்ச்சல். நிலைப்படியில் வேப்பிலை செருகுகிறவர், செவ்வாய்தோறும் அம்மன் கோவிலுக்குப் போகிறவர். அவரை எத்தனை நாள் கேலி செய்திருக்கிறோம்! அவர் யாரையும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கு நடந்தார், வரிசையில் நின்றார், மூக்கைக் காட்டினார். திரும்பி வந்து நம்மைப் பார்த்துக் கேட்டது இவ்வளவே: "ஏலே, குச்சிதானல அது? கொம்பா முளைச்சிருக்கு?"

நோய் உறுதியாயிற்று. கொடுத்தவர் யார் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஐகிரவுண்டில் பதினோரு நாள் படுத்திருந்து மீண்டார். கதவில் தாளும் ஒட்டினார்கள். பால்காரர் செம்பைத் தொடாமல் ஊற்றிவிட்டுப் போனார், அவ்வளவுதான். ஆச்சியை வண்டியில் ஏற்றிய மறுநாள், அதே பள்ளித் திண்ணையில், பதிமூன்றாவது ஆளாய் நாமும் நின்றோம்.

இன்றும் கால்வாய்ப் பாலம் ஏறுகையில் ஆச்சி இருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். நாமும் உடன் நிற்கிறோம்.