மழை வரும்வரை உர்ராக்
கோவாவின் கோடைத் தாகத்தை முந்திரிப் பழம் தணிக்கிறது. அதுவும் சில வாரங்களுக்குத்தான்

மார்ச் பிறந்ததும் கோவாவின் உட்பகுதிகளில் ஒரு நெடி கிளம்பிவிடும். கடற்கரையில் வெயில் காயும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது எட்டாது. சத்தரி தாலுகாவின் வால்போய் பக்கம் போகவேண்டும். மலைச்சரிவுகளில் பழுத்து விழுந்த முந்திரிப் பழங்களின் வாசனை அது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால், கீற்றுக் கொட்டகைக்குள் விறகடுப்பும் சாராயப் பானையும் கண்ணில் படும். கோவாக்காரர்கள் இதை ‘பட்டி’ என்கிறார்கள்.

பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம் முந்திரி. பண்ருட்டி வட்டாரத்தில் கொட்டைக்குத்தான் மவுசு. பழத்தில் பெரும்பகுதி மரத்தடியிலேயே அழுகிப் போகிறது. கோவாவில் கதை வேறு. பழத்தைப் பறிப்பதில்லை. தானாக விழுந்ததைத்தான் பொறுக்குவார்கள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, பழத்தைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பது பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. மிதித்த சக்கையின் மேல் கனமான கல்லை ஏற்றினால் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த சாறு இறங்கும். அதன் பெயர் நீரோ. போதை துளியும் இல்லாத இதைக் குழந்தைகளும் குடிப்பார்கள். ஆனால் அன்றே குடித்துவிட வேண்டும்.

மிதித்தெடுத்த சாறு சுமார் மூன்று நாள் நுரைத்துப் புளிக்கும். அதை ஒருமுறை வடித்தால் கிடைப்பது உர்ராக். கிட்டத்தட்ட 15 சதவீத ஆல்கஹால். ஒயினைவிடக் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். இதோடு புளித்த சாற்றைச் சேர்த்து மீண்டும் வடித்தால் 40 சதவீதத்தைத் தாண்டும் ஃபெனி. ஃபெனி வருடக்கணக்கில் தாங்கும். உர்ராக் அப்படியல்ல, நாளாக நாளாக அதன் பழ மணம் போய்விடும்.

வீட்டில் இதைக் கலப்பது சுலபம். உயரமான கிளாஸில் ஐஸ். அதன் மேல் 60 முதல் 90 மில்லி உர்ராக். அரை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, நீளவாக்கில் கீறிய ஒரு பச்சை மிளகாய். மீதி இடத்தை லிம்காவால் நிரப்பினால் முடிந்தது. இனிப்பு பிடிக்காதவர்கள் பாதி சோடா சேர்ப்பார்கள். புளிப்பும் உப்பும் காரமும் சேர்ந்து தொண்டையில் இறங்கும்போது இது மது என்பதே மறந்துபோகும். ஆபத்தும் அதில்தான். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு ஸ்கூட்டர் சாவியைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆனால் கிளாஸை நிரப்புகிற குன்றுகளில் கவலை இருக்கிறது. பூக்கும் நேரத்தில் மேகமூட்டமோ பருவம் தப்பிய மழையோ வந்தால் பூ கருகிவிடும், பழம் குறையும். கொட்டைக்கு விலை கிடைத்தால்தான் தோட்டக்காரர் பழம் பொறுக்க ஆள் வைப்பார். ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் கொட்டை அந்த விலையை அழுத்துகிறது. கொளுத்தும் வெயிலில் குனிந்து பொறுக்கவும், அடுப்படியில் கிடந்து வேகவும் இளைஞர்கள் பலருக்கு மனமில்லை.

முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா அரசு அதைப் பாரம்பரிய மதுவாக அறிவித்தது. பெருமை ஃபெனிக்கு என்றாலும், அதற்குத் தாய் உர்ராக்தான். அடுப்பு அணைந்தால் இரண்டுமே இல்லை.

ஜூனில் பருவமழை இறங்கும். கொட்டகைகள் காலியாகும், பானைகள் கவிழ்த்து வைக்கப்படும். அதற்குள் குடித்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டியதுதான்.