காலியான சிலிண்டரின் கனம்

மலையிலிருந்து போடிக்கு வரும் ஏலக்காய், உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்தபின் பச்சைக்காயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும். அதனால் எங்களூர்க்காரர்கள் பச்சை மூட்டையைத் தூக்கும்போதே மிஞ்சப்போகும் எடையைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஸ்கூபா பழகியபின் முதுகுச் சிலிண்டரையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கரையில் அது கனப்பது சற்று நேரம். காற்று தீரும் வேளையில் நீருக்குள் அது என்ன செய்யும் என்பதில்தான் என் கவனமெல்லாம்.

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தால் சுமார் 2,400 லிட்டர் காற்று உள்ளே போகும். அதன் எடை கிட்டத்தட்ட 3 கிலோ. மூழ்கி எழுவதற்குள் அதில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுத் தீர்த்துவிடுகிறோம். எஃகானாலும் அலுமினியமானாலும் இந்த இழப்பு ஒன்றுதான்.

வேறுபாடு உலோகத்தில் இருக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அழுத்தத்தைத் தாங்க அதன் சுவர் தடிமனாக இருந்தாக வேண்டும். வெப்பக் கடல்களின் டைவ் மையங்களில் பரவலாக உள்ள 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரும், 12 லிட்டர் எஃகுச் சிலிண்டரும் காலியாக ஏறத்தாழ 14 கிலோதான். தரையில் தூக்கினால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பருத்த அலுமினிய உடம்பு கூடுதலான நீரை விலக்குகிறது. நிறைந்திருக்கும்போது மெல்ல அமிழும் அது, காற்று தீரத் தீர மிதக்கத் தொடங்கி, கடைசியில் ஒன்றரை, இரண்டு கிலோ அளவுக்கு நம்மை மேலே இழுக்கும். எஃகோ காலியான பின்னும் இலேசாக அமிழ்ந்தே நிற்கும்.

மேலேறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கும்போதுதான் இது உடம்புக்குத் தெரியும். அலுமினியத்தின் அடிப்பகுதி தூக்கிக்கொள்ள, இடுப்பு நிலைகொள்ளாது. அந்த 3 நிமிடத்துக்காகத் தொடக்கத்திலிருந்தே கூடுதல் ஈயத்தைச் சுமக்கிறோம். எஃகு கட்டினால் அந்த ஈயத்தைக் கழற்றி வைத்துவிடலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் கனத்தோடு இறங்கி, அடியை எட்டியதும் கல்லை விட்டுவிடுவார்கள். மேலே படகில் இருப்பவர் அதைக் கயிற்றால் இழுத்துக்கொள்வார். அவர்களுக்குக் கனம் இறங்குவதற்கு மட்டும் போதும். நமக்கு அது ஏறி முடியும்வரை வேண்டியிருக்கிறது.

எஃகைப் பேணுவதற்குப் பொறுமை வேண்டும். அடி உருண்டை, ரப்பர் காலணி மாட்டாமல் நிற்காது. ஆடும் படகில் படுக்கவைத்துக் கட்டிவிடுவதே நல்லது. உள்ளே ஈரம் புகுந்தால் துருப்பிடிக்கும். அதனால் காற்றை முழுக்கத் தீர்க்காமல் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைத்தே வெளியே வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். இத்தனைக்குப் பிறகும் பெரிய எஃகுச் சிலிண்டர்களை நம் வெதுவெதுப்பான கடலில் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மெல்லிய உடையோடு இறங்குபவரின், மிதக்க உதவும் காற்றுச் சட்டை கிழிந்தால், அவ்வளவு கனத்தோடு நீந்தி மேலே வருவது கடினம். 12 லிட்டர் தாராளம்.

சிலிண்டரைக் கழற்றியபின்னும் அதிலிருந்த காற்றின் ஒரு பங்கு உடம்பில் தங்கியிருக்கிறது. திசுக்களில் கரைந்த நைட்ரஜன் அது. வெளி அழுத்தம் சட்டெனக் குறைந்தால் குமிழாகிவிடும். விமானத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை மலைக்கும் பொருந்தும்: ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். போடிக்கு மேலே மலையிலிருக்கும் போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே நின்றுவிடுவோம். ராமேஸ்வரம் பக்கம் மூழ்கிவிட்டு வருகிற நாளில், தோட்டத்தில் காய் பறிப்பு எவ்வளவு மும்முரமாக இருந்தாலும் எனக்குப் போடியில்தான் தங்கல். மெட்டுக்கு மறுநாள்தான் வண்டி ஏறும்.